மௌரீன் மிஸ் தலைகளை எண்ணுவதில்லை

காக்ஸ் டவுன் கோயிலில் ஞாயிறு பூசைக்கு முன்னால் மன்றாட்டுச் சீட்டு எழுதிப் பெட்டியில் போடுகிற வழக்கம் உண்டு. வெள்ளைச் சீட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு. பரீட்சை, ஆபரேஷன், விசா, வரன் எல்லாம் அதில் அடக்கம். ஊதாச் சீட்டு இறந்தவர்களுக்கு. ஏழு மாதமாக மௌரீன் வாரம் தவறாமல் வெள்ளைச் சீட்டில்தான் எழுதிக்கொண்டிருந்தாள்: "லாயிட் ஆம்ப்ரோஸ், கடல் பயணம் நலமாக முடிய."

கோயில் ஆபீசில் உட்காரும் ஆஞ்சலா ஒரு தடவை துணிந்து ஊதாச் சீட்டை மேஜைமேல் நகர்த்தி வைத்தாள். மௌரீன் அதை அவள் பக்கமே திருப்பி நகர்த்தி, "உன் வீட்டுக்கு ஆகும், வெச்சுக்கோ" என்றாளாம். ஆஞ்சலா இதை மௌரீனின் கணவர் ஆம்ப்ரோஸிடம் சொல்லிக் கண்ணைக் கசக்கினாள். ஆம்ப்ரோஸ் என்ன செய்வார்? டெலிபோன் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர். "பார்க்கலாம்மா" என்றார். எல்லாவற்றுக்கும் அவருடைய பதில் அதுதான்.

லாயிட் அவர்களுடைய ஒரே பிள்ளை. இருபத்தாறு வயது. எண்ணெய் ஏற்றிப்போகும் சரக்குக் கப்பலில் மூன்றாம் அதிகாரி. ஏப்ரல் மாதம் செங்கடலில், யாரோ யாருடனோ போட்ட சண்டையில், அந்தக் கப்பலின்மேல் ஏவுகணை வந்து விழுந்தது. சண்டைக்கும் அந்தக் கப்பலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வழியில் போனதுதான் அதன் குற்றம். இருபத்துநாலு பேரில் இருபத்துமூன்று பேர் கரை சேர்ந்தார்கள். ஒரு ஆளைக் காப்பாற்றப் புகைக்குள் இறங்கிய லாயிட் திரும்பி வரவில்லை. கப்பல் மூழ்கிவிட்டதால் உடலும் கிடைக்கவில்லை.

கம்பெனியின் கடிதம் லாயிட்டின் வீரத்தை ஒரு பக்கம் புகழ்ந்துவிட்டு, "காணவில்லை, இறந்ததாகக் கருதப்படுகிறது" என்று முடிந்திருந்தது. மௌரீன் அதைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். "கருதறவங்க கருதிக்கட்டும். நான் பார்த்தேன்னு ஒருத்தன் வந்து சொல்லட்டும், அப்புறம் பேசலாம்." அதோடு சரி. லாயிட்டின் அறையில் மெத்தை விரிப்பை மாதம் ஒரு தடவை மாற்றினாள். ஆம்ப்ரோஸ் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவார். கேட்டால் சளி என்பார்.

அக்டோபர் கடைசியில் கோயிலில் ஓர் அறிவிப்பு. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்குக் கல்பள்ளி கல்லறைத் தோட்டத்தில் பங்கிலுள்ள இறந்தவர்கள் பேரை எல்லாம் சாமியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். பேர் காதில் விழுந்ததும் அந்த வீட்டார் தங்கள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். காலங்காலமாக நடப்பது. இந்த வருஷம் பேர்கள் அறுநூறைத் தாண்டிவிட்டன, வாசிக்க ஒரு மணி நேரம் ஆகிறது, போன தடவை வெயிலில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அதனால் பேர்களை வாசிக்கப்போவதில்லை. எல்லாச் சீட்டையும் ஒரு கூடையில் போட்டுப் பீடத்தில் வைத்து, இத்தனை ஆன்மாக்கள் என்று சொல்லி மொத்தமாக ஜெபிப்போம் என்றார் ஃபாதர் டிரேவர். இளைஞர், மூன்று பங்குக் குழுக்களுக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் பதில் சொல்லவேண்டியவர். அவரைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? வேறு நாளாக இருந்தால் மௌரீன் சும்மா விட்டிருக்க மாட்டாள். அன்றைக்கு ஆம்ப்ரோஸ் பக்கம் திரும்பி, "நம்ம வீட்டுப் பேர் எதுவும் இல்லையே, நமக்கென்ன" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் புதன்கிழமை ஆம்ப்ரோஸுக்கு ஒரு போன் வந்தது.

"சார், நான் முகேஷ். பொம்மனஹள்ளிலேர்ந்து பேசறேன். தேர்ட் சாப் வெளிய தள்ளிவிட்ட ஆளு நான்தான் சார்."

கப்பலில் மூன்றாம் அதிகாரியைத் தேர்ட் சாப் என்றுதான் கூப்பிடுவார்களாம். ஆம்ப்ரோஸ் அவனை நேராக வீட்டுக்கு வரச்சொல்லவில்லை. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மார்க்கெட் பக்கத்து பேக்கரிக்கு வரச்சொன்னார். எதற்காக அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, முதலில் தன்மேல் விழட்டும் என்று நினைத்திருக்கலாம்.

முகேஷ் வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான். முப்பது வயதிருக்கும். எஞ்சின் அறையில் ஆயிலர், அதாவது இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்கிறவன். கால் எலும்பு கூடி நடக்க ஆரம்பித்ததே போன மாதம்தானாம். ஆம்ப்ரோஸ் வாங்கி வைத்த காரா பன்னை அவன் தொடவில்லை. மூச்சுவிடாமல் பேசினான்.

"காலைல ஏழு மணி சார். நான் கீழ ஸ்டோர் ரூம்ல இருந்தேன். டம்முனு ஒரு சத்தம். இரும்பு ரேக் அப்டியே கால் மேல சாஞ்சிடுச்சு. கத்தறேன், யாருக்கும் கேக்கல. மேல எல்லாரும் படகு கிட்ட கூடிட்டாங்க. கேப்டன் தலையை எண்ணிருக்காரு. இருவத்திநாலு. சரியா வந்திடுச்சு."

"எப்படி சரியா வரும்? நீதான் கீழே இருந்தியே."

"பொகை சார். ஃபிட்டர் இந்தப் பக்கம் நின்னப்ப எண்ணிட்டாங்க. அவரு லைஃப் ஜாக்கெட் எடுக்க அந்தப் பக்கம் போனாரு, அங்கயும் எண்ணிட்டாங்க. படகை எறக்குன்னு கேப்டன் சொல்லிட்டாரு. தேர்ட் சாப்தான் ஒத்துக்கல. ஒரு நிமிஷம் சார், பேரைக் கூப்பிட்டுடறேன்னு லிஸ்ட்ட எடுத்திருக்காரு. கேப்டன் திட்றாரு, இவரு பாட்டுக்குக் கூப்பிட்றாரு. என் பேருக்குப் பதில் வரல. மூஞ்சில மாஸ்க் மாட்டிக்கினு எறங்கிட்டாரு."

ரேக்கைத் தூக்கியது, ஏணிவரை முதுகில் சுமந்து வந்தது, "நீ முன்னாடி ஏறு" என்று கீழிருந்து தோள் கொடுத்துத் தள்ளியது, முகேஷின் கை மேல்தளத்தைப் பிடித்த நேரத்தில் கீழே இரண்டாவது தடவை வெடித்தது, எல்லாவற்றையும் சொன்னான். ஆம்ப்ரோஸ் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஒவ்வொரு வாரமும் ட்ரில் நடக்கும்ல சார், அப்பவும் அவரு பேரைத்தான் கூப்பிடுவாரு. நாங்க சலிச்சுக்குவோம். எங்க அம்மா டீச்சர்டா, தலையை எண்ணாத, பேரைக் கூப்பிடுன்னு சொல்லித்தான் வளத்தாங்கன்னு சிரிப்பாரு. அத அம்மா கால்ல விழுந்து சொல்லணும்னுதான் வந்தேன். அவங்களாலதான் சார் நான் உசுரோட இருக்கேன்."

ஆம்ப்ரோஸுக்கு அந்த நந்தி மலைச் சம்பவம் ஞாபகம் வந்தது.

இருபது வருஷத்துக்கு முன்னால் மௌரீன் தன் வகுப்புப் பிள்ளைகளை நந்தி மலைக்குச் சுற்றுலா கூட்டிப்போனாள். நாற்பத்திரண்டு பிள்ளைகள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் ஆறு வயது லாயிட்டையும் கூடவே அழைத்துப் போயிருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் தலைகளை எண்ணினாள். நாற்பத்திரண்டு, சரி, புறப்படலாம் என்றாள். தேவனஹள்ளி தாண்டிய பிறகுதான் ஒரு சிறுமி, "சங்கமித்ரா எங்கே?" என்று கேட்டது. அவளை மலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டாவது தலை லாயிட்டுடையது. பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போனபோது காவல்காரர் பக்கத்தில் அந்தக் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தது. சொந்தப் பிள்ளையை எண்ணி, ஊரார் பிள்ளையைத் தொலைக்கப் பார்த்தேனே என்று மௌரீன் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள். அதற்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை, அசெம்பிளியோ நெருப்பு ஒத்திகையோ எதுவானாலும் அவள் தலைகளை எண்ணியதே இல்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவாள். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால்தான் ஆப்சென்ட். மற்ற டீச்சர்கள் கேலி செய்தார்கள். லாயிட்டும் கேலி செய்தான். அம்மா மாதிரியே மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் அட்டெண்டன்ஸ் எடுப்பான்.

அந்தப் பழக்கம் இல்லாதிருந்தால் லாயிட் படகில் ஏறியிருப்பான். இப்போது மேல் அறையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பான். இது மௌரீனுக்குத் தெரிந்தால் அவள் பிழைப்பாளா? பிள்ளை செத்ததைத் தாங்குகிற தாய் உண்டு. தான் சொல்லிக்கொடுத்ததே அவனைக் கொன்றது என்று தெரிந்தால்?

"தம்பி, ஒரு உதவி பண்ணு" என்றார் ஆம்ப்ரோஸ். வாழ்க்கையில் அவர் யாரையும் பொய் சொல்லச் சொன்னதில்லை. "பேர் கூப்பிட்டதை அவகிட்ட சொல்லாதே. அவன் எண்ணிப் பார்த்தான், ஒரு ஆள் குறைஞ்சது, இறங்கினான்னு சொல்லு. நீ கண்ணால பார்த்ததைச் சொல்லு, அது போதும். அவ நம்பணும். அவ்வளவுதான்."

முகேஷுக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினான்.

வீட்டில் மௌரீன் அவனை உள்ளறைச் சோபாவில் உட்காரவைத்து, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியைச் சற்று இறக்கிக்கொண்டாள். வகுப்பில் பொய் லீவு லெட்டர் கொண்டுவந்த பையன்கள் எத்தனை பேர் இந்தப் பார்வையில் உதிர்ந்திருக்கிறார்கள் என்பது ஆம்ப்ரோஸுக்குத் தெரியும். அவர் கதவோரம் நின்றார்.

"சொல்லுப்பா. முதல்லேர்ந்து."

முகேஷ் சொன்னான். "மேல எல்லாரையும் எண்ணிப் பார்த்தாங்க மேடம், ஒரு ஆள் கொறஞ்சுது."

"யார் எண்ணினது?"

"தேர்ட் சாப்தான் மேடம்."

"லாயிட் எண்ணினானா?"

"ஆமா மேடம்."

மௌரீன் கண்ணாடியைக் கழற்றினாள். ஆம்ப்ரோஸ் எதிர்பார்த்தது அழுகை. வந்தது அது இல்லை. ஏழு மாதமாக வறண்டுகிடந்த அந்த முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் ஏறியது. அவள் அப்படியே எழுந்து நின்றாள்.

"லாயிட் டாடி, கேட்டீங்களா? எண்ணினானாம்! இது நம்ம லாயிட் இல்லீங்க. இவர் வேற யாரையோ சொல்றார். நம்ம பையன் எண்ணவே மாட்டான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எண்ணமாட்டான். அந்தக் கப்பல்ல ஏதோ குளறுபடி, ஆள் மாறியிருக்கு. நான்தான் அப்பவே சொன்னேனே!" அவள் கைகள் பரபரத்தன. "போனை எடுங்க. கம்பெனிக்குப் பேசணும். எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியில பேர் தெரியாம கிடக்கறானோ என்னமோ என் பிள்ளை..."

முகேஷ் மிரண்டு ஆம்ப்ரோஸைப் பார்த்தான்.

ஆம்ப்ரோஸ் அந்த நிமிஷத்தில் பட்ட பாட்டை வார்த்தையில் சொல்லி மாளாது. அந்த வெளிச்சத்தை அவர் கையாலேயே அணைக்க வேண்டும். சும்மா இருந்துவிட்டால் என்ன? இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம், அவள் வெள்ளைச் சீட்டு எழுதிக்கொண்டே இருப்பாள். விரிப்பை மாற்றிக்கொண்டே இருப்பாள். பார்க்கலாம் என்று விட்டுவிடலாம். முப்பது வருஷமாக அப்படித்தானே விட்டிருக்கிறார்.

"மௌரீன்" என்றார். "அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். அவன் எண்ணலை. கேப்டன் எண்ணினார், சரியா இருந்தது. நம்ம லாயிட்தான் பேரைக் கூப்பிட்டான்."

தெருவில் காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான். மௌரீன் நின்றபடியே இருந்தாள். பிறகு நாற்காலியின் கையைத் தடவித் தேடி உட்கார்ந்தாள். ஆம்ப்ரோஸ் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றார். தொடப் பயமாக இருந்தது.

அவள் முகேஷைப் பார்த்துக் கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"லிஸ்ட்ல நீ எத்தனாவது?"

"பதினேழு மேடம்."

"உன் பேருக்குப் பதில் வரலைன்னதும் நிறுத்திட்டானா, மிச்சப் பேரையும் கூப்பிட்டானா?"

"கடசி வரைக்கும் கூப்ட்டாராம் மேடம். இன்னும் யாராச்சும் இல்லையான்னு பாத்துட்டு, அப்பறம்தான் எறங்கினாராம். பசங்க சொன்னாங்க."

"அப்படித்தான் செய்யணும்" என்றாள் மௌரீன். சரியான விடைக்குச் சரி போடுகிற மாதிரி சொன்னாள். "அவன் பேரை யார் கூப்பிட்டது?"

முகேஷுக்கு முதலில் விளங்கவில்லை.

"லிஸ்ட் கையில வெச்சிருக்கறவன் தன் பேரைக் கூப்பிட மாட்டானே. அவன் வந்துட்டானான்னு யார் பார்த்தது?"

"எங்கள வேற கப்பல் வந்து ஏத்திக்கிச்சு மேடம். அங்க எங்க கேப்டனே லிஸ்ட்ட எடுத்து எல்லாரையும் கூப்ட்டாரு. எண்ணல. சாப் பேரு நாலாவது." முகேஷ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மூணு தபா கூப்ட்டாரு. யாரும் பேசல."

"மூணு தடவை."

"ஆமா மேடம்."

மௌரீன் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் அனுப்பினேன்" என்றாள். "அன்னைக்கு அவனை எண்ணினேன். அதுக்கப்புறம் எண்ணாதேடான்னு சொல்லிச் சொல்லி, நான்தாங்க அனுப்பிட்டேன்." அப்புறம்தான் அழுதாள். ஏழு மாத அழுகை. ஆம்ப்ரோஸ் பயத்தை விட்டு அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். குழாயைத் திறந்துவிடாமல், முன்பின் பழகாத ஓர் ஆளின் முன்னால், அவரும் அழுதார்.

முகேஷ் எழுந்து, காலை மடக்க முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என் பொண்ணுக்கு ஒண்ணரை வயசு மேடம்" என்றான்.

"நல்லா இருக்கட்டும்" என்றாள் மௌரீன். "சந்தோஷப்படணும்னு தெரியுது. எனக்கு இன்னும் வரலைப்பா. கோவிச்சுக்காதே."

அன்று மாலையே அவள் கோயில் ஆபீசுக்குப் போனாள். ஆம்ப்ரோஸ் கூடவே போனார். ஆஞ்சலா வழக்கம்போல் வெள்ளைச் சீட்டை எடுத்தாள். மௌரீன் கையை நீட்டி மற்றக் கட்டிலிருந்து ஊதாச் சீட்டு ஒன்றைத் தானே உருவிக்கொண்டாள். நிறுத்தி நிதானமாக எழுதினாள். பிறகு உள்ளே ஃபாதர் டிரேவர் அறைக்குப் போனாள்.

"இத்தனை ஆன்மான்னு எண்ணிச் சொல்லி முடிச்சிடப் போறீங்களாமே, ஃபாதர்?"

"ஆன்ட்டி, அறுநூத்துச் சொச்சம் பேர். ஜனங்களால நிக்க முடியல..."

"உட்காரட்டும். நான் நிக்கறேன். நான் கூப்பிடறேன்."

ஃபாதர் அவள் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த ஊதாச் சீட்டையும் பார்த்தார். கூடையை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

மூன்று நாள் உட்கார்ந்து மௌரீன் எல்லாப் பேரையும் நீளமான அட்டெண்டன்ஸ் நோட்டில் எழுதினாள். வந்த வரிசைப்படி. அறுநூற்றுப் பதினாலு. தன் சீட்டு கடைசியாக வந்ததால் அது கடைசி. முன்னால் சேர்த்தால்தான் என்ன என்று ஆம்ப்ரோஸ் கேட்கவில்லை.

கல்லறைத் திருநாள் அன்று வெயில் இல்லை. மேகம் மூடி ஈரக்காற்று வீசிக்கொண்டிருந்தது. கல்பள்ளியில் ஒவ்வொரு கல்லறையும் வெள்ளையடித்துச் செவ்வந்தி போட்டிருந்தது. லாயிட்டுக்குக் கல்லறை ஏது? ஆம்ப்ரோஸ் தன் அப்பாவின் கல்லறை ஓரத்தில் ஒரு மெழுகுவத்தியை நட்டு வைத்துக்கொண்டு நின்றார். முகேஷ் வந்திருந்தான். சாமி கும்பிடுகிற விதம் தெரியாமல் கை கட்டி நின்றான்.

சிறுகோயிலின் படியில் நின்று மௌரீன் ஆரம்பித்தாள். மைக் வேண்டாம் என்றுவிட்டாள். முப்பத்தோரு வருஷம் பள்ளி மைதானத்தில் கூப்பிட்ட குரல் அது. ஒரு பேர், சின்ன இடைவெளி, கூட்டத்தில் எங்கோ ஒரு சுடர். அடுத்த பேர். முதலில் முணுமுணுத்தவர்கள் நூறு பேருக்குள் அடங்கிவிட்டார்கள். தங்கள் வீட்டுப் பேர் வந்ததும் வயதானவர்கள் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்தார்கள். அவள் ஒரு பேரையும் விழுங்கவில்லை. ஒரு எழுத்தையும் அவசரப்படுத்தவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தோட்டம் முழுக்கச் சுடர்கள் எரிந்தன.

கடைசிப் பக்கம். ஆம்ப்ரோஸ் தீப்பெட்டியை எடுத்துத் திறந்து வைத்துக்கொண்டார்.

"லாயிட் ஆம்ப்ரோஸ்."

அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். மற்றப் பேர்களுக்கு அப்படித் தூக்கவில்லை. கூட்டத்தைத் தாண்டி, வாசல் கேட்டைப் பார்த்தாள். ஆம்ப்ரோஸுக்குப் புரிந்துவிட்டது. தீக்குச்சியை எடுத்த கை அப்படியே நின்றது.

"லாயிட் ஆம்ப்ரோஸ்."

வெளியே சாலையில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

மூன்றாவது தடவை குரல் பிசிறியது. அம்மா தன் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலாகிவிட்டது. "லாயிட்..."

காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

பிறகு ஆம்ப்ரோஸைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவர் குச்சியைக் கிழித்தார்; காற்றில் அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. முகேஷ் வலிக்கிற காலை மண்ணில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மெழுகுவத்தியைச் சுற்றிக் குவித்தான். மூன்றாவது குச்சி பற்றிக்கொண்டது.

மௌரீன் அந்தச் சுடரைப் படியில் நின்றபடியே பார்த்தாள். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, அந்தப் பேருக்கு நேரே ஆப்சென்ட் போட்டு, நோட்டை மூடினாள்.